கருவேல மரம் தாண்டும்வரை

சைக்கிள் ஸ்போக்கை அடுப்பில் பழுக்கக் காய்ச்சித் தெர்மாகோலுக்குள் இறக்கினால் எழுகிற நெடி, மூக்கில் ஏறித் தொண்டையில் இறங்கி, ராத்திரிச் சோறு வரைக்கும் கூடவே வரும். 1991-ஆம் வருடத்துத் தை, மாசியில் வடக்குப்பட்டுப் பக்கம் எங்கள் தெருவில் அந்த நெடி அடிக்காத வீடு குறைவு. மறைமலை நகர்க் கம்பெனிகளில் இயந்திரங்களைச் சுற்றி வரும் தெர்மாகோலைக் குப்பையில் தள்ளுவார்கள். முதல் ஷிப்ட் முடிந்து வருகிற ஆண்கள் அதை அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்து, பாய்மரப் படகு செய்து, ஏரியில் போட்டிக்கு விட்டார்கள். பிள்ளைகளுக்காகத்தான் என்று பெண்டாட்டிகளிடம் சொல்லிக்கொண்டார்கள். பிள்ளைகளான எங்களை ஒரு படகைக்கூடத் தொட விட்டதில்லை.

வேலை நாள் சாயங்காலங்களில் மட்டும்தான் போட்டி. ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்புக்கும் தூக்கத்துக்கும் உரியது. ஏரிக்குக் கிழக்கே கரை. கடல் பக்கமிருந்து வருகிற காற்று கரையைத் தாண்டிக் கொஞ்சம் தள்ளித்தான் தண்ணீரில் இறங்கும் என்பதால், கரையை ஒட்டிய தண்ணீர் தட்டில் ஊற்றிய கஞ்சி மாதிரி அசையாமல் கிடக்கும். ஆகவே ஆளுக்கு ஒருமுறை மூங்கில் கழியால் தன் படகைத் தள்ளிவிடலாம்; அதற்குப் பிறகு காற்று பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். ஏரியின் நடுவே தண்ணீரில் நின்ற ஒற்றைக் கருவேல மரத்தை எந்தப் படகு முதலில் தாண்டுகிறதோ அது ஜெயித்தது. மேற்குக் கரையில் போய் ஒதுங்கும் படகுகளை மறுநாள் காலையில் யாராவது பொறுக்கி வருவார்கள். வருகிற காற்றோ பெரும்பாலும் ஒப்புக்குத்தான் வரும். அதை அவர்கள் ‘பேமானிக் காத்து’ என்று வாய் நிறையத் திட்டுவார்கள்.

இதில் ஒரு விதி இருந்தது. தன் படகு மரத்தைத் தாண்டும்வரை அதன் சொந்தக்காரர் உட்கார்ந்த இடத்தை விட்டு எழக்கூடாது, எழுந்தால் தோற்றார். சிலர் கல்லெறிந்து அலை கிளப்பித் தங்கள் படகை நகர்த்தப் பார்த்ததால் வந்த விதி அது. காற்று செத்த நாட்களில் குடும்பஸ்தர்கள் எல்லோரும் கொசுக்கடியோடு வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். அடிவயிறு முட்டினாலும் அசைய மாட்டார்கள்.

அந்த வரிசையில் என் நைனாவும் இருந்தார், அம்மாவின் தம்பி ஏழுமலை மாமாவும் இருந்தார். இருவருக்கும் பேச்சு கிடையாது. மாமா தன் கல்யாணத்துக்கு அழைக்க வந்த அன்று நைனா ஷிப்டில் இருந்தார். மாமா தாம்பூலத் தட்டை அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். “வூட்டு மாப்ளைய நேருல வந்து அழைக்க முடியலையா அவனால? நா இன்னா பக்கத்து வூட்டுக்காரனா?” என்று கேட்ட நைனா, மச்சினனின் கல்யாணத்துக்கே போகவில்லை. மாமாவும் மறுபடி எங்கள் வாசலை மிதிக்கவில்லை. ஆனாலும் போட்டியை மட்டும் இருவரும் விடவில்லை. ஒருவர் தோற்பதைப் பார்க்க மற்றவர் வந்தே ஆக வேண்டுமே.

இந்த வீம்பில் மாட்டிக்கொண்டது என் காது. எங்கள் வீட்டு வழக்கப்படி தாய்மாமன் மடியில் உட்காராமல் காது குத்த முடியாது; அதுவும் ஒற்றைப்படை வயதில்தான். ஏழு வயதில் குத்த இருந்தது சண்டையில் நின்றுபோனது. எனக்கு ஒன்பது நடந்துகொண்டிருந்தது. சித்திரையில் பத்து பிறந்துவிட்டால் இன்னும் ஒரு வருடம் காத்திருக்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் என் பெயரையே மறந்துவிட்டு ‘மூளி’ என்றுதான் கூப்பிட்டார்கள். தலைமுடியைக் காதுக்கு மேல் இழுத்துவிட்டுக்கொள்வேன், அப்படியும் தெரியும். அழுகையாக வரும்.

போட்டி நடக்கும்போது நான் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்திருப்பேன். பேச்சு என் வழியாகப் போகும், வரும்.

“பாப்பா, உங்க மாமாவாண்ட சொல்லு, சட்டைக் கவர்ல பாய் கட்னா அது பட்டமாத்தான் பறக்கும்.”

“உங்க நைனாவாண்ட சொல்லு, பழைய வேட்டியக் கிழிச்சிக் கட்னா அது ஈரமாயி முழுகத்தான் முழுகும்.”

இரண்டு முழத் தூரத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு நான் இன்னொரு முறை எதற்குச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. இருந்தாலும் ஒரு சொல் விடாமல் சொன்னேன். வீட்டுக்கு வந்ததும் அம்மா குரலைத் தாழ்த்தி, “இன்னிக்காவது பேசிக்கினாங்களா?” என்று கேட்பாள். நான் இல்லையென்று தலையை ஆட்டுவேன். அவள் அடுப்பின் பக்கம் திரும்பிவிடுவாள்.

மாசிக் கடைசியில் ஒரு நாள், மரத்துக்குச் சற்று முன்னால் காற்று சுத்தமாக நின்றது. மற்ற படகுகள் முன்பே தாண்டிவிட்டன. அவற்றுக்குரியவர்கள் வேட்டியை உதறிக்கொண்டு போய்விட்டார்கள். மிச்சமிருந்தவை நைனாவின் படகும் மாமாவின் படகும்தான். அவை மெல்ல ஒன்றை நோக்கி ஒன்று திரும்பி, நைனாவின் வேட்டித் துணி மாமாவின் பாய்க் கம்பியில் சிக்கி, ஒட்டிக்கொண்டு நின்றன. எது ஜெயித்தாலும் கடைசிக்கு முந்தின இடம்தான். ஆனாலும் இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள்.

இருட்டத் தொடங்கியது. எனக்குப் பசி. கரைக்குக் கீழிருந்து அம்மா கூப்பிடும் குரல் கேட்டது. எழுந்திருக்கக் கூடாது என்பது படகுக்காரர்களுக்குத்தானே. நான் எழுந்து பாவாடையைத் தட்டிவிட்டுக்கொண்டு இறங்கிவிட்டேன்.

பாதி இறக்கத்தில் இருந்தபோது காற்று வந்தது. பின்னாலிருந்து நைனா, “பாப்பா, உங்க மாமாவாண்ட சொல்லு...” என்று ஆரம்பித்து நிறுத்தினார். சொல்வதற்குத்தான் ஆள் இல்லையே. பிறகு மாமாவின் குரல் வெடித்தது.

“மாமா! உன் துணிதான் என்னுதப் புடிச்சி இழுக்குது, கண்ணு தெரியல?”

“யார்டா இழுக்குறது? உன்னுதத்தான் என்னுது இழுத்துகினு போவுது!”

“மொதல்ல தாண்டினது என்னுது!”

“போடா டேய்!”

தெருவுக்கே கேட்டது. மரியாதைக் குறைவுக்காக இரண்டு வருடம் வாய் திறக்காமல் இருந்த மனிதர், மச்சினன் ‘உன்’ என்று சொன்னதைக் கவனிக்கவே இல்லை. கீழே நின்ற அம்மா என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். “சண்ட போடுதுங்கடி” என்றாள். அவள் முகத்தில் அப்படியொரு சந்தோஷத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

பங்குனியில் மாமா மடியில் என்னை உட்கார வைத்தார்கள். மடி கொள்ளாமல் நான் வளர்ந்திருந்ததைப் பார்த்து எல்லோரும் சிரித்தார்கள். ஊரே கேட்கக் கத்தினேன், ஆனால் அழவில்லை.

பேச்சு வந்ததும் போட்டி போனது. அடுத்த மழைக்கு ஏரி நிறைந்தபோது நைனாவும் மாமாவும் டீக்கடை பெஞ்சில் ஒட்டி உட்கார்ந்து ஓ.டி. சம்பளம் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். மற்றவர்களும் ஒவ்வொருவராகப் போட்டியை விட்டுவிட்டார்கள்.

பல வருடம் கழித்துக் கம்பெனிகள் எங்கள் பக்கமும் வந்தன. ஏரியின் மேற்குக் கரையை ஒட்டிய நிலம் என் தாத்தாவுடையது. அம்மாவும் மாமாவும் சேர்ந்து கையெழுத்துப் போட்டால்தான் கம்பெனிக்கு விற்க முடியும். அதாவது நைனாவும் மாமாவும் ஒத்துப்போக வேண்டும். அவர்கள்தான் எல்லாவற்றிலும் ஒத்துப்போனார்களே. பத்திரம் பதிந்துவிட்டுச் சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து ஷேர் ஆட்டோவில் திரும்பும்போது இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். வீடு வரும்வரை ஒருவரோடொருவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றைக்குச் சண்டை எதுவும் இல்லை.

இப்போது கரையில் நின்றால் எதிரே கம்பெனிச் சுவர்தான் தெரிகிறது. கருவேல மரத்தை வெட்டிவிட்டார்கள். தெர்மாகோல் மட்டும் லாரி லாரியாகப் போகிறது. அதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அந்தச் சுவருக்கு உள்ளேதான் நானும் வேலை பார்க்கிறேன். எல்லாம் போயிற்றே என்று ஊர்க்காரர்கள் கம்பெனியைத் திட்டும்போது நான் வாயைத் திறப்பதில்லை. அந்த இரண்டு பேரும் எப்படியாவது பேசிவிட வேண்டும் என்று தெருவில் இருந்த அத்தனை சாமியையும் கும்பிட்டவள் நான். இன்றைக்கு எனக்கு மறுபடி ஒன்பது வயதானாலும் அதையேதான் கேட்பேன்.