பத்தொன்பது வரிகள்

போன வாரம் காஜாங்கில் சாத்தே, அதுதான் குச்சியில் செருகித் தணலில் வாட்டிய இறைச்சி, சாப்பிடப் போயிருந்தோம். அடுப்புக்கு நேர் எதிரே இடம் கிடைத்ததால் புகை முழுவதும் எங்கள் மேசைக்குத்தான். கூட வேலை பார்க்கும் பெண் தன் சட்டைக் கையை முகர்ந்து பார்த்து, "சட்டையெல்லாம் ஆசாப் லா" என்றாள். மலாயில் ஆசாப் என்றால் புகை, அவ்வளவுதான். நான் கையிலிருந்த குச்சியைத் தட்டில் வைத்துவிட்டேன்.

நான் கிள்ளானில் புகுமுக வகுப்பில் சேர்ந்த வருடம் நினைவுக்கு வந்தது. தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு முடித்தவர்கள் மலாய் பழக ஒரு வருடம் உட்கார வேண்டிய வகுப்பு. மலாய்ப் பள்ளியிலிருந்து வந்த எங்கள் வயதுப் பெண்கள் நேரே முதல் படிவத்துக்குப் போய்விடுவார்கள். எங்களைப் பார்த்தால் அவர்களுக்குக் கொஞ்சம் இளக்காரம்.

புஷ்பா என் வகுப்பு. தெலுக் பங்லிமா காராங் பக்கம் ஒரு தோட்டத்துத் தொழிலாளர் லயத்திலிருந்து பஸ்ஸில் வருவாள். அவளுக்கு ஒரே ஒரு பள்ளிச் சீருடை. மழைக்காலத்தில் அதை விறகடுப்புக்கு மேலே கொடி கட்டிக் காயவைப்பார்கள். அந்த வாசனை எனக்குப் பிடிக்கும், சுட்ட மரவள்ளிக் கிழங்குபோல இருக்கும். பஸ்ஸில் வந்த முதல் படிவத் தமிழ்ப் பெண்கள் நால்வருக்குப் பிடிக்கவில்லை.

"ஏய் ஆசாப், ஜன்னலத் தொற லா. மூச்சு முட்டுது."

புஷ்பா ஜன்னலைத் திறப்பாள். மழை அவள் மடியில் அடிக்கும்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? பட்டியல் போட்டேன். இன்றைக்கும் மீன் வாங்கப் போனால்கூடத் துண்டுச் சீட்டு இல்லாமல் போகமாட்டேன். தேதி, நேரம், யார், என்ன சொன்னார்கள் என்று கோடு போட்டு நான்கு கட்டம். புஷ்பாவுக்கு இரண்டு இருக்கை பின்னால்தான் உட்காருவேன். அங்கிருந்து எல்லாம் நன்றாகத் தெரியும். பத்தொன்பது வரி சேர்ந்ததும் ஒழுங்கு ஆசிரியையிடம் கொடுத்தேன். எவ்வளவு சுத்தமாக எழுதியிருக்கிறாய் என்று பாராட்டினார்.

திங்கட்கிழமை பள்ளி முழுவதும் நிற்கும் சபைகூடலில் அந்த நால்வரையும் மேடையேற்றி நிறுத்தி, பத்தொன்பது வரியையும் ஒலிபெருக்கியில் வாசித்தார். வரிக்கு வரி அந்தப் பட்டப்பெயர். எட்டாவது வரியில் பின்வரிசையில் சிரிப்பு கிளம்பியது. ஓய்வு நேரத்துக்குள் புஷ்பாவை முன்பின் தெரியாதவர்கள்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

மறுநாளிலிருந்து அவள் வரவில்லை. சனிக்கிழமை அப்பாவின் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து லயத்துக்குப் போனேன். படித்தது போதும், அடுத்த வாரத்திலிருந்து தோட்டத்து நாற்றங்காலில் வேலை என்று அவள் அம்மா சொன்னார். புஷ்பா வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை.

"நாலு பேருக்குத் தெரிஞ்சத ஸ்கூலுக்கே சொல்லிட்ட. எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா?"

அந்தக் கேள்விக்கு என் கட்டங்களில் இடமே இல்லை. இப்போது கேட்கிறேன், நான் என்ன செய்யட்டும் என்றேன்.

கூட்டி முடித்துவிட்டுச் சொன்னாள்: "எழுதாத. பக்கத்துல வந்து உக்காரு."

அவள் அம்மாவிடம் என்ன சொன்னாளோ, திங்கட்கிழமை நான் பஸ்ஸில் ஏறியபோது பக்கத்து இருக்கையில் பையை வைத்து எனக்கு இடம் பிடித்திருந்தாள். அந்த நால்வரும் சும்மா இருந்தார்கள் என்று சொல்லமாட்டேன். ஆனால் நாங்கள் இருவரும் பேசுவதற்கே பஸ் போகும் தூரம் போதவில்லை. கூப்பிட்டும் ஆள் திரும்பாததால் சில வாரங்களில் அலுத்துவிட்டார்கள். ஐந்தாம் படிவத்தில் பள்ளி முடியும் வரை அதே இருக்கை.

போன வருடம் வேலை விஷயமாக ஓர் இயந்திரத்தைச் சோதிக்க அந்தப் பக்கம் போனேன். லயம் இருந்த இடத்தில் லோரிகள் நிற்கின்றன. காவலாளியிடம் விசாரித்தேன். "இங்க தோட்டமா? எனக்குத் தெரியாது அக்கா" என்றார். தோட்டத்தை விற்றபோது குடும்பங்கள் எங்கெங்கோ பிரிந்துவிட்டன. எந்தக் குடும்பம் எங்கே போனது என்று யாரும் குறித்துவைக்கவில்லை.

இதை அவளிடம் கேட்டுவிட்டு எழுதத்தான் ஆசைப்பட்டேன். கேட்க முடியவில்லை. ஆகவே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: புஷ்பா என்பது அவள் பெயர் இல்லை.