தண்ணீர் ஏறும்போது நிரப்பிய கேன்

நேற்று மார்க்கெட்டில் இறாலை மூக்கருகே கொண்டுபோனேன். கடைக்காரர் ஒரு மாதிரி பார்த்தார். "ஃப்ரெஷ்ஷு சார், பண்ணை இறாலு." வாசனையே இல்லை. ஆற்று இறாலில் ஒரு சேற்று வாசனை இருக்கும்; கொஞ்சம் உப்பு, கொஞ்சம் மக்கிய இலை. எனக்கு அது கன்னியம்மாக்காவின் பறியிலிருந்து பழக்கம்.

பறி என்றால் பனையோலைக் கூடை. ஆரணியாறு பழவேற்காட்டு ஏரியில் கலக்கும் இடத்தில் பெண்கள் இடுப்பளவுத் தண்ணீரில் குனிந்து, பறியின் விளிம்பைப் பல்லால் கவ்விக்கொண்டு, இரண்டு கைகளாலும் சேற்றைத் துழாவி இறால் பிடிப்பார்கள். வலையும் இல்லை, படகும் இல்லை. வாயில் பறி இருக்கும்வரை பேச முடியாது. அதனாலோ என்னவோ, கரையேறியதும் கன்னியம்மாக்கா நிறுத்தாமல் பேசுவார்.

இரண்டாயிரங்களின் நடுவில் நான் கும்மிடிப்பூண்டியில் ஒரு தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். கையில் வேதியியல் பட்டம், ஒரு பழைய பைக், உலகத்தையே குடுவைக்குள் பிடித்துவிடலாம் என்ற நினைப்பு. ஞாயிற்றுக்கிழமைகளில் இறால் வாங்கப் போய்த்தான் அக்கா பழக்கம்.

அந்த வருஷம் மழை ஒரே வாரத்தில் கொட்டித் தீர்த்துவிட்டு நின்றுபோனது. பிறகு ஆற்றில் நல்ல தண்ணீர் இறங்கவில்லை. மணல் அள்ளிய பள்ளங்கள்வரை உப்பு ஏறியிருந்தது. மேலேயிருந்து வந்ததெல்லாம் கம்பெனிகள் பக்கத்து ஓடையின் கறுப்புத் தண்ணீர்தான். பறி நிறைந்த இடத்தில் இப்போது உள்ளங்கைகூட நிறையவில்லை.

"ஓடைய அடைக்கச் சொல்லி கலெக்டராண்ட மனு குடுக்கறோம் தம்பி. ஆதாரம் இன்னா கீதுன்னு கேக்கறாங்க. நீ டெஸ்ட் எடுத்துக் குடேன்" என்றார் அக்கா.

கேட்டு முடிப்பதற்குள் சரி என்றேன். மறுநாளே லீவு போட்டுவிட்டு, கேனோடு போய் நின்றேன். பெண்கள் எல்லோரும் கரையில் உட்கார்ந்து நாஷ்டா சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நமக்காகவே காத்திருக்கிறார்கள் என்று எனக்குப் பெருமை. தண்ணீர் ஏறினால் சேற்றுக்குக் கை எட்டாது, அதனால்தான் கரையேறியிருக்கிறார்கள் என்பது தோன்றவே இல்லை.

"கடல்தண்ணி ஏறிக்கினு கீது தம்பி. வத்தட்டும். சாயங்காலமா எடு."

"எப்ப எடுத்தாலும் இதே ஆறுதானேக்கா. சாயங்காலம் லேப் மூடிடுவாங்க."

"பாருடி, படிச்ச புள்ளைக்கு ஆறு நிக்கறாப்புல தெரியுது!" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். கேனை மூன்று முறை கழுவி, முறைப்படி நிரப்பி, லேபிளில் நேரம் எழுதினேன்: 11.40.

அறிக்கை வந்தது. உப்பு மட்டும் அதிகம்; ஏரி வாய்தானே என்று விட்டுவிட்டேன். மற்றதெல்லாம் அளவுக்குள் இருந்தது. சந்தேகப்பட்டு இன்னொரு தடவை சோதித்தேன், அதே எண்கள்தான். நான் கேனில் பிடித்து வந்தது முக்கால்வாசி கடல் என்று அப்போதும் உறைக்கவில்லை. மறைக்காமல் கொண்டுபோய்க் கொடுத்தேன். எழுதப் படிக்கத் தெரியாத அக்கா, டெஸ்ட் எடுத்த பேப்பரே ஆதாரம் என்று நம்பி, அதை மனுவோடு பத்திரமாகப் பின் குத்திக் கொடுத்துவிட்டார்.

"தண்ணி நல்லாத்தானேம்மா இருக்கு? நீங்க குடுத்த பேப்பரே சொல்லுதே" என்று திருவள்ளூர் கலெக்டர் ஆபீஸில் மனுவை முடித்துவிட்டார்கள்.

அதைக் கேட்டபின்தான், தண்ணீர் வற்றும் நேரம் பார்த்துப் போனேன். கறுப்பாக இறங்கிக்கொண்டிருந்தது. கேனைத் திறந்ததும் மூக்கு எரிந்தது. புதிய அறிக்கையை எடுத்துக்கொண்டு திருவள்ளூருக்கு இரண்டு முறை அலைந்தேன். முடிந்த மனு முடிந்ததுதான் என்றார்கள்.

அக்காவிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன்.

"பேஜாராவாத தம்பி. உன் கேன்ல தப்பில்ல. ரொப்புன நேரந்தான் தப்பு." பறியைப் பல்லில் கவ்விக்கொண்டு தண்ணீரில் இறங்கிவிட்டார்.

அடுத்த சில வருஷங்களில் பெண்கள் ஒவ்வொருவராக வராமல் போனார்கள். கன்னியம்மாக்கா இப்போது தேர்வாய் கண்டிகையில் ஒரு கம்பெனியில் பெருக்குகிறாராம், ஷிப்டு கணக்கில்.

போன மாதம் மறுபடி கேனோடு அங்கே போனேன். யாரும் கேட்கவில்லை, நானாகத்தான். போனில் கடல் வற்றும் நேரம் இருந்தது. ஆற்றில் அது எவ்வளவு பிந்தி வற்றும் என்று போனுக்குத் தெரியாது. கால் வைத்ததுமே அதைச் சொல்லக்கூடியவர் தண்ணீரில் ஒருவரும் இல்லை. கேனைக் கையில் வைத்துக்கொண்டு, ஏறுகிறதா இறங்குகிறதா என்று தெரியாமல், ரொம்ப நேரம் கரையில் நின்றேன்.