துப்பாக்கி தேர்ந்தெடுக்கத் தெரியாத என் மகன்

உலாயோக் வேட்டையிலிருந்து திரும்பினால், பூட்ஸைக் கழற்றும் முன்பே துப்பாக்கியின் போல்ட்டை, தோட்டாவை உள்ளே தள்ளும் அந்த இரும்புத் தண்டை, உருவிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொள்வார். துப்பாக்கி குளிர்ந்த முன்னறையிலேயே நிற்கும். சூடான வீட்டுக்குள் கொண்டுவந்தால் அதற்கு வேர்க்கும், மறுபடி வெளியே எடுத்தால் அந்த ஈரம் உறைந்துவிடும். போல்ட் மட்டும் அவரோடு வரும். தேவாலயத்துக்கு, பிங்கோ ஆட்டத்துக்கு, ஏன், என் பட்டமளிப்பு விழாவுக்காக விமானம் ஏறப் போனபோதும் வந்தது. அங்கே அதை வெளியே எடுக்கவைத்து, இது என்ன, எதற்கு என்று வெகுநேரம் கேட்டார்கள். "வீடு பூரா பேரப்பிள்ளைங்க. போல்ட் இல்லேன்னா அது வெறும் குழாய்," என்று அவர் சொன்னதை நான்தான் மொழிபெயர்க்க வேண்டியிருந்தது. விமானத்துக்குள் கடைசியாக ஏறினோம்.

அவர் என் அம்மாவின் அண்ணன். ஆனால் அவருடைய அம்மா நிவியாக் இறந்த குளிர்காலத்தில் நான் பிறந்தேன், அவள் பெயர் எனக்கு வந்தது. வடதுருவத்தை ஒட்டிய எங்கள் ஊரில், பெயர் வந்தால் ஆளும் வந்த மாதிரிதான். அதனால் அவருக்கு நான் அம்மா, எனக்கு அவர் மகன். அவர் மனைவி அர்னாலுக்குக்கு நான் மாமியார். எனக்கு இருபத்து நான்கு வயது.

போன வருடத்துக்கு முந்தின வருடம் மே மாதம், மீன்பிடிப் போட்டியன்று, உறைந்த நீரில் தூண்டில் போட வெட்டிய பனித்துளைக்கு மேல் குனிந்து மீனை இழுத்தார். போல்ட் சட்டைப்பையிலிருந்து நழுவி நேராகத் துளைக்குள் போனது. அதைப் பிடிக்கப் போய் மீனையும் விட்டார்.

அன்று மாலை உள்ளூர் வானொலியில், கூட்டுறவுக் கடையில் வேலை செய்யும் லூக் பேசினான்: "ஒரு அறிவிப்பு. மீனுங்ககிட்ட இப்ப போல்ட் இருக்கு. துப்பாக்கி மட்டும்தான் கிடைக்கணுமாம். எல்லாரும் ஜாக்கிரதையா இருங்க."

ஊரே சிரித்தது. அர்னாலுக் சிரிக்கவில்லை. கரிபூ மான் கூட்டம் தெற்கே ஒரு நாள் தூரத்தில் வந்துவிட்டிருந்தது. அவளுடைய உறைபெட்டியில் கடைக் கோழிக்கால்கள் மட்டும் கிடந்தன. பனி இளகினால் பிறகு வண்டி ஓட்ட முடியாது. பழைய துப்பாக்கிக்கு வேறு போல்ட் கிடைக்காது, அந்த மாதிரி செய்வதையே நிறுத்தி வெகுகாலமாகிறது. கடையில் இருந்தவை இரண்டே துப்பாக்கிகள், அடுத்தவை ஆகஸ்டில் கப்பலில்தான்.

ஒன்று மரக்கட்டை வைத்தது. கனம். தோட்டாக்களை மேலிருந்து ஒவ்வொன்றாக அழுத்தி நிரப்ப வேண்டும். இன்னொன்று பிளாஸ்டிக் கட்டை, துருப்பிடிக்காத குழல். போல்ட் வெண்ணெயில் போவதுபோலப் போகும். தோட்டாப் பெட்டி அடியில் தனியாகக் கழன்று வரும். இரண்டுக்கும் ஒரே தோட்டா, விலையிலும் பெரிய வித்தியாசமில்லை.

தடித்த கையுறையோடு கடைக்குப் போனார். இரண்டையும் தூக்கி, போல்ட்டை உயர்த்தி, இழுத்து, தள்ளி, இறக்கினார். திருப்பிக் கொடுத்தார். மறுநாளும் போனார். அதற்கு மறுநாளும்.

"மரம் நல்லாத்தான் இருக்கு," என்றார் என்னிடம். "ஆனா சறுக்குவண்டியில அடிபட்டா விரிசல் விடும்."

"அப்ப பிளாஸ்டிக்கை வாங்கு மகனே."

"அதோட பெட்டி பனியில விழுந்தா தேடவே முடியாது."

"அப்ப மரத்தை வாங்கு."

"கனமா இருக்கே."

நான்கு வருடம் தெற்கே நகரத்தில் படித்தது இதற்காவது உதவட்டும் என்று இரண்டையும் ஒப்பிட்டு ஒரு அட்டவணை போட்டுக் கொடுத்தேன். எடை, நீளம், குளிரில் தாங்குமா, எல்லாம். மரியாதையாக வாங்கிப் பார்த்தார். மடித்துத் தேநீர்க் கோப்பைக்கு அடியில் வைத்தார். பிறகு என் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான். அந்தக் கணம் எதைப் படித்தேன் என்றே எனக்கு நினைவில்லை.

லூக் என்னை வழிமறித்தான். "உன் மகன் கையுறை பட்டுப் பட்டே ரெண்டும் பழசாயிடுச்சு. நாளைக்கு வாடகை கேக்கப் போறேன்."

கூட்டம் இன்னும் இரண்டொரு நாளில் ஆற்றைத் தாண்டிவிடும் என்று பனிவண்டியில் வந்தவர்கள் சொன்னார்கள். நான் அர்னாலுக்கிடம் போய்க் கத்தினேன்: "ஏதாவது ஒண்ண வாங்கச் சொல்லி அவர்கிட்ட சொல்லுங்களேன்."

அவள் கோழிக்காலை வாணலியில் புரட்டிக்கொண்டே சொன்னாள்: "அத்தே, உங்களுக்கு நிஜமாவே தெரியலையா? அவரோட முதல் துப்பாக்கிய எடுத்துக் குடுத்தது அவங்கம்மா. அவர் உங்க வாயத்தான் பாத்துகிட்டு இருக்கார்."

"எனக்குத் துப்பாக்கியப் பத்தி என்ன தெரியும்?"

"உங்களுக்கு எதுவும் தெரியணும்னு யார் கேட்டா? சொல்லணும், அவ்வளவுதான்."

"கேட்டா சொல்லிட்டுப் போறேன். கேக்க வேண்டியதுதானே?"

"அம்மாகிட்ட எப்படிக் கேப்பாங்க? நீங்களாத்தான் சொல்லணும்."

ஊரில் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. லூக்குக்குக்கூட. அட்டவணை போட்டவளுக்கு மட்டும் தெரியவில்லை. எரிச்சலில் குளிர்க்கோட்டின் ஜிப்பைக்கூடப் போடாமல் கடைக்கு நடந்தேன். உலாயோக் அங்கேதான் நின்றார், கையில் பிளாஸ்டிக். நான் இரண்டின் போல்ட்டையும் உருவிப் பார்த்தேன். பிளாஸ்டிக்கினது தொட்டதும் வந்துவிட்டது. மரத்தினது லேசில் வரவில்லை. நகம் உடைந்தது.

"இதுதான்," என்று மரத்தைக் காட்டினேன். "இந்த போல்ட் உன் பைக்கு அவ்வளவு சுலபமா வராது."

அவர் இன்னொருமுறை தூக்கிக்கூடப் பார்க்கவில்லை. லூக்கிடம், "அம்மா சொல்லிட்டாங்க. கட்டிக் குடு," என்றார். கனம், விரிசல், எதுவுமே ஞாபகமில்லை.

விடிந்ததும் போனார். திரும்பியபோது சறுக்குவண்டி நிறைய இறைச்சி. அர்னாலுக் வானொலியில், பை எடுத்துக்கொண்டு வரச்சொல்லி எல்லோரையும் கூப்பிட்டாள். புதுத் துப்பாக்கியில் விழும் முதல் விலங்கு, அந்தத் துப்பாக்கியைத் தேர்ந்து கொடுத்தவருக்கு. அது எங்கள் குடும்ப வழக்கம். நானும் பையோடு போய் நின்றேன்.

"எனக்கு எது மகனே?"

தலையைச் சொறிந்தார். "முதல்ல விழுந்தது எலும்பும் தோலுமா இருந்துச்சு அம்மா. வசந்தகால மானு. உனக்குக் குடுக்கிற மாதிரி இல்ல. அது கணக்குல சேராது."

இலையுதிர்காலத்தில் கொழுத்தது விழுந்தது. அதன் கல்லீரலில் ஏதோ புள்ளி என்றார். அடுத்த வருடம் ஒன்று மிகவும் கிழடு, இன்னொன்று ஓடிக் களைத்துச் செத்தது, இறைச்சி புளிக்கும். அந்த மான்களையெல்லாம் ஊர் முழுக்கச் சாப்பிட்டது. அர்னாலுக் வீட்டில் நானும்தான் சாப்பிட்டேன். ஆனால் என் பங்கு என்று ஒன்று இன்னும் வரவில்லை.

போன வாரம் தேநீர் குடிக்க வந்தார். சட்டைப்பை கனத்துத் தொங்கியது. அந்த போல்ட்டையும் கழற்றப் பழகிவிட்டார்.

"என் மான் எங்கே?" என்றேன்.

"பாத்துகிட்டுதான் இருக்கேன் அம்மா," என்றார். "இப்ப ரெண்டு கூட்டம் வருதாம். எதுல தேடறதுன்னுதான்…" என்று இழுத்துவிட்டு, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.