கோதண்டராமனுக்கு நான் தைத்த பை

என் பெயர் கருப்பன். இதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் செங்கம் ரோட்டில் பல வருஷமாக இந்தப் பெயரைச் சொல்லி யாரும் என்னைக் கூப்பிடவில்லை.

நான் படித்தது மூன்றாம் வகுப்பு. அடி அண்ணாமலையில் பிறந்து, பத்து வயதில் தையல்கடையில் காஜா எடுக்க உட்கார்ந்து, யார் தயவும் இல்லாமல் ஆசிரமம் பக்கம் சொந்தமாகப் பைக்கடை போட்டவன். நான் தைத்த பை இத்தாலிக்குப் போயிருக்கிறது, இஸ்ரேலுக்குப் போயிருக்கிறது, வாயில் நுழையாத ஊருக்கெல்லாம் போயிருக்கிறது. தையல் பிரிந்துவிட்டது என்று இன்றைக்கு வரை ஒருவர்கூடத் திரும்பி வந்ததில்லை. வெள்ளைக்காரர்கள் வருவதற்கு முன்னால் இந்த ரோட்டில் பை என்றால் மளிகைக்கடைப் பைதான். அதை மாற்றியவன் நான்.

என் கடைக்கு நாலு கடை தள்ளி கோதண்டராமனின் ஆபீஸ். வெளிநாட்டுக்காரர்களுக்கு விமான டிக்கெட் போட்டுக் கொடுப்பான். சுவர் முழுக்க விமானப் படம், மேஜை மேல் பொம்மை விமானம். பேச ஆரம்பித்தால் விமானத்திலேயே பிறந்து வளர்ந்தவன் மாதிரி பேசுவான். எனக்கு நாலு வயது மூத்தவன். அதனால் அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். இன்றைக்கும் நேரில் அப்படித்தான்.

1996 மாசி மாதம் என் மகள் மதிவதனிக்குச் சிங்கப்பூரில் பிரசவ நேரம். மாப்பிள்ளைக்கு அங்கே கப்பல் பட்டறையில் வேலை. நானும் என் சம்சாரம் மணியம்மாளும் கிளம்பினோம். மகளை விட்டால் எங்கள் வம்சத்தில் விமானம் ஏறிய முதல் ஆள் நான். டிக்கெட் போட்டது கோதண்டராமன்.

கோயில் பிரசாதத்தை எங்கே வைப்பது என்பதுதான் மணியம்மாளுக்குக் கவலை. விபூதி, தீப மை, அண்ணாமலையார் சந்நிதியில் வைத்து எடுத்த அரைக் கிலோ கற்பூரம். கீழே போடுகிற பெட்டிகளை ஆட்கள் மிதிப்பார்கள், செருப்பு படும், சாமி பொருளை அதில் வைக்கக் கூடாது என்றாள். கூடவே அவள் அம்மா வீட்டுச் சீதனமாக வந்த அரிவாள்மணை. பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியச் சமையல் செய்ய வேண்டும், கத்தியில் நறுக்கி அவளுக்குப் பழக்கமே இல்லை. பெட்டியில் வைத்தால் துணியெல்லாம் கிழிந்துவிடும் என்று பயந்தாள். நான் நேராகக் கோதண்டராமனிடம் போய்க் கேட்டேன்.

"அண்ணா, அருவாமணையும் கற்பூரமும் கையில எடுத்துக்கினு போலாமா?"

டிக்கெட்டில் இருந்து தலையைத் தூக்காமலேயே சொன்னான். "கையிலயே வெச்சுக்க கருப்பா. யாரும் ஒண்ணும் கேக்க மாட்டான். பெட்டியில போட்டாதான் திருடிடுவானுங்க."

நம்பினேன். சென்னை விமான நிலையத்தில் பெரிய பெட்டிகள் போன பிறகு, பரிசோதனை செய்கிற இடத்தில் மெஷினுக்குள் என் பை போனது, திரும்பி வரவில்லை. ஓர் அதிகாரி அதைத் தனியாக எடுத்து மேஜை மேல் வைத்துத் திறந்தார். அரிவாள்மணையை வெளியே எடுத்து நிறுத்தினார். எனக்குப் பின்னால் ஐம்பது பேர்.

"யாரைப்பா வெட்டப் போற, பைலட்டையா?"

ஐம்பது பேரும் சிரித்தார்கள். கற்பூரத்தையும் எடுத்துக்கொண்டார், அது தீப்பிடிக்கிற சாமானாம். பெட்டிதான் உள்ளே போய்விட்டதே, அதில் வைக்கவும் வழியில்லை. இரண்டையும் ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் போட்டார். மணியம்மாள் கையெடுத்துக் கும்பிட்டாள். "எங்கம்மா குடுத்ததுங்க" என்றாள். அவர் வேலையை அவர் செய்தார், அவரை நான் குறை சொல்ல மாட்டேன். சிங்கப்பூர் போய்ச் சேருகிற வரைக்கும் அவள் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தாள்.

ஊர் திரும்பி நடந்ததைக் கோதண்டராமனிடம் போய்ச் சொன்னேன். அவன் அப்படியே கூட்டிக்கொண்டு போய்க் கஸ்தூரியின் டீக்கடையில் நிறுத்தினான். ரோட்டுக்கே கேட்கிற குரலில் சொன்னான்.

"சும்மா சொல்லிப் பாத்தேம்மா கஸ்தூரி, போறானா இல்லியானு. நெசமாவே அருவாமணையத் தூக்கிக்கினு பிளேன் ஏறப் போயிருக்கான்!"

டீக்கடையில் சிரிக்காதவர்கள் இல்லை. ஆட்டோக்காரர்கள் சிரித்தார்கள், கஸ்தூரி பால் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். அன்றைக்குப் போனது என் பெயர். அருவாமணை கடை எங்கே என்று கேட்டால்தான் ஆட்டோக்காரனுக்கு வழி தெரியும். என் மகன் அன்பரசனுக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில், பெண்ணின் தாய்மாமன் தனியாகக் கூப்பிட்டு, "அருவாமணைன்னு சொல்றாங்களே, உங்க மேல கேஸ் ஏதாச்சும் இருக்குதுங்களா?" என்று கேட்டார். அந்தச் சம்பந்தம் கைகூடவில்லை.

நான் பதிலுக்குக் கத்தவில்லை. கற்றுக்கொண்டேன். சிங்கப்பூரில் இருந்தபோதே டிக்கெட் உறையின் பின்பக்கம் இருந்த சின்ன எழுத்தை மதிவதனியைப் படிக்கச் சொல்லி, வரி வரியாக மனப்பாடம் செய்தேன். திரும்பும்போது அங்கே விமான நிலையத்தில் பை நுழைகிறதா என்று பார்க்க ஓர் இரும்புச் சட்டம் நின்றது. சட்டைப் பையிலிருந்து அளவு நாடாவை எடுத்து மூன்று பக்கமும் அளந்தேன். உயரம் இருபத்திரண்டு, அகலம் பதினாலு, ஆழம் ஒன்பது. கூட்டினால் நாற்பத்தைந்து அங்குலம். எடை ஏழு கிலோ. அங்கே நின்ற பெண் என்னைப் பைத்தியம் மாதிரி பார்த்தாள். பார்க்கட்டும். அந்த அளவிலேயே பலகையில் ஒரு பெட்டி செய்து என் கடை வாசலில் வைத்தேன். வெள்ளைக்காரர்கள் தங்கள் பையைக் கொண்டுவந்து அதில் இறக்கிப் பார்ப்பார்கள். நுழையாவிட்டால் என்னிடம் புதுசு வாங்குவார்கள். கத்தரிக்கோல் கூடாது, பேட்டரி தனியாக, பின்னால் சட்டம் மாறியபோது தண்ணீர் எண்ணெய் எல்லாம் நூறு மில்லிக்கு மேல் கூடாது, எல்லாம் எனக்குத் தலைகீழ்ப் பாடம். டிக்கெட்டைக் கோதண்டராமனிடம் வாங்கிவிட்டு, விவரம் கேட்க என்னிடம் வந்தார்கள். மூன்றாம் வகுப்பு!

ஆனாலும் அவன் என்னை அருவாமணை என்றுதான் கூப்பிட்டான்.

2007 தை மாதம் அவன் சம்சாரம் வேதா, கிரிவலப் பாதையில் மணியம்மாளைப் பார்த்திருக்கிறாள். துபாயில் இருக்கும் மகன் ராஜேந்திரனுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது, புருஷன் பொண்டாட்டி இருவரும் போகிறார்களாம்.

"எனக்குத்தான் பயமா கீதுன்னு பாத்தா, அவருக்கும் இதாங்க்கா மொத தடவ" என்று சொல்லியிருக்கிறாள்.

மணியம்மாள் வந்து சொன்னபோது தையல் மெஷினை நிறுத்திவிட்டேன். முதல் தடவை! ஊரையே விமானத்தில் ஏற்றியவன் ஒரு தடவைகூட ஏறியதில்லை. நான் அதற்குள் மூன்று தடவை போய் வந்திருந்தேன்.

அடுத்த வாரமே அவன் என் கடைக்கு வந்தான். வேதா பிடுங்கி எடுத்திருக்க வேண்டும், என் பைதான் வேண்டும் என்று.

"இன்னா அருவாமணை, எனக்கு ஒரு பை தெச்சுக் குடு. கையில எடுத்துக்கினு போறது. அளவு இந்தா." ஒரு சீட்டை நீட்டினான். "ஒரு நூல் ஜாஸ்தி ஆனாலும் வாங்க மாட்டேன். நல்லா கெட்டியா இருக்கணும், பத்து வருசம் ஒழைக்கணும்."

"கெட்டியாவே தெச்சிடலாம்ணா" என்றேன்.

சீட்டைப் பார்த்தேன். இருபத்திரண்டு, பதினாலு, ஒன்பது. எடையைப் பற்றி ஓர் எழுத்து இல்லை. அன்றைக்கு ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை எனக்கு. சந்தோஷத்தில்.

என் பை ஒன்று எழுநூறு கிராமுக்கு மேல் போகாது. இதற்கு லாரி மேல் போர்த்துகிற தார்ப்பாய்த் துணி வாங்கினேன், இரட்டையாகப் போட்டேன். அடியில் பலாப் பலகை, அதன் கீழே ஒரு தகடு, எல்லாவற்றையும் துணிக்குள் மறைத்துத் தைத்தேன். நாலு மூலைக்கும் கம்பி. வளையம் எல்லாம் பித்தளை. கைப்பிடிக்கு எருமைத் தோல். வெளியே பார்த்தால் அப்படியொரு அழகு, என் கையால் அதைவிட நல்ல பை நான் தைத்ததில்லை. பழைய இரும்புக் கடைத் தராசில் வைத்தேன். நாலு கிலோ இருநூறு கிராம்.

கோதண்டராமன் நாடா வைத்து அளந்தான். என் பலகைப் பெட்டியில் இறக்கினான், கச்சிதமாக உட்கார்ந்தது. தூக்கிப் பார்த்தான்.

"கனமா கீதே?"

"கெட்டியா கேட்டீங்களேண்ணா. ஒழைக்கிற துணி கனமாத்தான் இருக்கும்."

"அதுவும் சரிதான்" என்று தோளில் மாட்டிக்கொண்டு போனான். விமானத்தையே தோளில் மாட்டிக்கொண்ட நடை.

அவன் கிளம்பிய நாளில் நான் முதல் பஸ் பிடித்துச் சென்னைக்குப் போனேன். கடைக்குப் பூட்டு. மணியம்மாளிடம் நூல் வாங்கப் போவதாகச் சொன்னேன். விமான நிலையத்தில் பார்வையாளர் சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே போய், தடுப்புக் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்றேன்.

பெரிய பெட்டிகள் இரண்டும் அளவுக்குச் சரியாகப் போயின. அப்புறம் கவுண்டர்ப் பெண் தோள் பையைக் காட்டி, அதையும் எடை போடச் சொன்னாள். வைத்தான்.

"பத்து கிலோ எழுநூறு சார். ஏழு கிலோதான் அலவ்டு."

"இல்லம்மா, உங்க மெஷின் தப்பு. வூட்ல சாமான் பூரா எடை போட்டுத்தான் வெச்சேன். ஆறரைக் கிலோ."

"பையை எடை போட்டீங்களா சார்?"

அவன் பையை மெஷினிலிருந்து இறக்கினான்.

ஓரமாகப் போய்த் தரையில் உட்கார்ந்து பையைத் திறந்தான். அதிரச டப்பா வெளியே வந்தது, முறுக்கு டப்பா வந்தது, வேதாவின் பட்டுப்புடவை வந்தது, அவனுடைய பனியன்கள் வந்தன. வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஒரு டப்பா திறந்து முறுக்கு தரையெல்லாம் உருண்டது. வேதாவின் குரல் அந்த மண்டபத்துக்கே கேட்டது.

"ஊருக்கே பிளேனு சொல்லிக் குடுக்கிறியே, ஒரு பைய எடை போடத் தெரியலியா உனக்கு? எம்பேரனுக்குச் சுட்ட முறுக்கு!"

பதினோரு வருஷம் நான் கும்பிட்டது இந்தக் காட்சியைத்தான். கண்ணை எடுக்காமல் பார்த்தேன்.

கடைசியில் அவன் சாமான்களை இரண்டு பிளாஸ்டிக் கவரில் திணித்தான். வெறும் பையை என்ன செய்வது என்று திரும்பியபோது, கம்பிக்கு இந்தப் பக்கம் என்னைப் பார்த்தான். எழுந்து வந்தான்.

"நீ இங்க இன்னா பண்ற?"

"வழியனுப்ப வந்தேண்ணா."

"வெறும் பையே நாலு கிலோடா."

"நாலு கிலோ இருநூறு கிராம்ணா."

"தெரிஞ்சேதான் தெச்சியா?"

"நீங்க அளவு குடுத்தீங்க, அளவுல தெச்சேன். எடை சொல்லலியே."

"ஒரு பேருக்காகப் பதினோரு வருசம் மனசுல வெச்சுக்கினு இருந்தியா?"

"பதினோரு வருசமேதான்."

பையைக் கம்பிக்கு மேலே என் பக்கம் தள்ளிவிட்டுப் போனான். அதை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் ஊர் திரும்பினேன். தொடை மரத்துப்போனது. இறக்கி வைக்க மனம் வரவில்லை.

நேராகக் கஸ்தூரி கடைக்குப் போய் பையை மேஜை மேல் வைத்தேன். தகடு முதல் முறுக்கு வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னேன். எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். கஸ்தூரி பையைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"அது சரிண்ணே. அப்ப மத்தவங்களுக்குத் தெச்சதுல இன்னா வெச்சிருக்க?"

நான் அதை யோசிக்கவே இல்லை. ஒரே வாரத்தில் ரோடு முழுக்கப் பரவியது. இருபது வருஷப் பழக்கமுள்ள வெள்ளைக்கார அம்மா ஒருத்தி பையின் அடியைத் தட்டித் தட்டிப் பார்த்தாள். துபாயிலிருந்து திரும்பிய கோதண்டராமன் தன் ஆபீஸ் வாசலில், தமிழிலும் இங்கிலீஷிலும் ஒரு போர்டு வைத்தான்: பை வாங்குமுன் எடை போட்டு வாங்கவும். அந்தச் சித்திரையில் வியாபாரம் பாதி கம்மி. நான் என்ன, சளைத்தவனா? பெரிய தராசு ஒன்று வாங்கிக் கடை நடுவில் தொங்கவிட்டேன். ஒவ்வொரு பையையும் வாங்குகிறவர் கண் முன்னாலேயே எடை போட்டுக் கொடுத்தேன். அடுத்த கார்த்திகைக்குள் வியாபாரம் பழைய இடத்துக்கு வந்துவிட்டது. மணியம்மாள் மட்டும், "உன் வாய உள்ள வெச்சிருந்தா இந்தத் தராசே தேவையில்ல" என்று இன்றும் சொல்வாள். வெளியே சொல்லாவிட்டால் அது என்ன பழி வாங்கல்?

இரண்டு வருஷம் கழித்து அவனுக்கு மறுபடி துபாய்ப் பயணம். சென்னையில் வாங்கிய பை கைப்பிடி அறுந்துவிட்டதாம். என் கடை வாசலில் வந்து நின்றான். உள்ளே ஏறவில்லை.

"ஒரு பை வேணும், கருப்பா" என்றான்.

என் பெயர். அவன் வாயிலிருந்து. மெஷினிலிருந்து காலை எடுத்தேன்.

"காதுல விழலண்ணா."

"கருப்பான்னு கூப்டேன். பை வேணும். என் எதிர்லயே எடை போட்டுக் குடு."

"குடுக்கறேன். நாலு நாள்ல தெச்சுத் தர்றேன், அறுநூறு கிராம்ல. ஆனா இங்க கூப்பிட்டா பத்தாது. எங்க நின்னு என் பேர எடுத்தியோ, அங்க நின்னு கூப்பிடு. கஸ்தூரி கடையில, அவ்ளோ பேரும் இருக்கும்போது."

அவனை நான் ஒருமையில் பேசியது அன்று ஒரு நாள்தான். அவன் டீக்கடையைத் திரும்பிப் பார்த்தான். இருபதடி தூரம். ஆட்டோக்காரர்கள் ஏழெட்டுப் பேர் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். வேட்டியை மடித்துக் கட்டினான், ஓர் அடி வைத்தான். அப்புறம் தன் ஆபீஸ் பக்கம் திரும்பி நடந்துவிட்டான்.

துபாய்க்கு அவன் அறுந்த கைப்பிடியைக் கயிற்றால் கட்டிக்கொண்டு போனதாக வேதா சொன்னாள். அவனுக்கு வேண்டிய துணியை அன்றைக்கே வெட்டி வைத்துவிட்டேன். மடித்து அலமாரியில் இருக்கிறது. அவன் அந்த இருபதடியை நடக்கிற வரைக்கும் அதில் ஊசி ஏறாது.