சாமியறைக்கு மேலே ஒரு தகரக் குழாய்

புளியங்கூடல் ஏரம்பருக்குக் காலில் சக்கரம். வயரிங் வேலையில் கெட்டிக்காரர்தான். ஆனால் எந்த வேலையையும் முக்காலுக்கு மேல் அவர் முடித்து யாரும் கண்டதில்லை. கடைசி ஆணி மிஞ்சி இருக்கும்போதே மனம் அடுத்த வீட்டு வளவுக்குள் போய்விடும். சொந்த வீட்டுச் சமையல் குசினிக்கு வயர் இழுத்து வருடக்கணக்காகியும் பல்பு பூட்டவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்களேன்.

அந்த மனிதர்தான் எண்பதாம் ஆண்டில் மகள் மீனலோசனிக்குச் சீதன வீடு கட்டினார். நிச்சயித்த மாப்பிள்ளை குகநாதனுக்குக் கப்பலில் வேலை. வீட்டுக்குள்ளேயே குளியலறை வேண்டும், ஈரக்காற்றை வெளியே தள்ள விசிறியும் வேண்டும் என்று சொல்லியனுப்பியிருந்தான். விசிறியை ஏரம்பர் ஒரே மூச்சில் பூட்டிவிட்டார். அதன் தகரக் குழாயைச் சீலிங்குக்கு மேலால் இழுத்து, சாமியறையைத் தாண்டி வெளிச்சுவரில் விடவேண்டும். குழாய் சாமியறைக்கு மேலே வந்த நேரம், அனலைதீவில் தண்ணீர் இறைக்கும் மெசின் பழுது என்று ஆள் வந்தது. குழாயை அந்தரத்தில் விட்டுவிட்டு வள்ளம் ஏறிவிட்டார்.

மாப்பிள்ளையின் தாய் சிவயோகம் வீடு பார்க்க வருகிறார் என்று மீனலோசனி குளியலறையைப் பினைல் ஊற்றிக் கழுவி, விசிறியையும் போட்டாள். பிறகு விளக்கேற்றப் போனால் சாமியறை முழுக்கப் பினைல் வாடை!

அனலைதீவிலிருந்து திரும்பிவந்த ஏரம்பருக்கு விஷயம் விளங்கியது. சிவயோகம் வீட்டுக்குள் குளியலறை என்றதற்கே முகம் சுளித்த மனுஷி. அந்தக் காற்று சாமி தலையில் இறங்குவது தெரிந்தால் கலியாணமே குழம்பிவிடும். அரக்கப்பரக்க ஏணி வைத்து ஏறினார்.

மேலே ஓட்டுச்சூடு, வௌவால் எச்சம். இரண்டு துண்டுக் குழாயைப் பொருத்தினார். சுவருக்குப் போகும் கடைசித் துண்டுதான் மிச்சம். அதற்குள் உடம்பு நிலைகொள்ளவில்லை. நாளைக்குப் பார்க்கலாம், இப்போதைக்குச் சாக்கால் அடைத்துவிடலாம் என்று ஒரு காலை ஏணிப் பக்கம் நீட்டினார். அந்த நேரம் பார்த்து வாசல் படலை திறந்தது.

"என்ன பிள்ளை, சாமியறையில பினைல் மணக்குது?" சிவயோகத்தின் குரல் நேரே கீழிருந்து வந்தது.

ஏரம்பர் நீட்டிய காலை இழுத்துக்கொண்டார். ஏதாவது பொய் சொல்லடி மகளே என்று மனம் கெஞ்சியது.

"ஐயா குழாயைப் பாதியில விட்டுட்டுப் போனவர் மாமி. இப்ப மேல நிண்டு பூட்டுறார்."

"உன்ர ஐயா ஒண்டையும் முடிக்கமாட்டாரெண்டு ஊரே கதைக்குது. நீயும் அப்பிடியோ?"

"அவர் விட்டதெல்லாத்தையும் பின்னால நிண்டு முடிப்பிக்கிறது நான்தான். அவரை மாத்த ஏலாது. கலியாணத்துக்குப் பிறகும் விடமாட்டன். அது சரிவராதெண்டா இப்பவே சொல்லுங்கோ மாமி."

மகள் இத்தனை காலமும் தன் பின்னால் நின்றதை ஏரம்பர் ஒருநாளும் திரும்பிப் பார்க்கவில்லை. வெட்கத்தில் கண் கலங்கியது.

சிவயோகம் தொண்டையைச் செருமினார்.

"ஏணியை எடுத்து முற்றத்தில வை பிள்ளை. சம்பந்தியார் முடிச்சாப்பிறகு இறங்கட்டும்."

மீனலோசனி ஏணியைத் தூக்கிக்கொண்டு போனாள். சிரிப்பு வந்தது ஏரம்பருக்கு. சம்பந்தியார்! கண்ணைத் துடைத்துவிட்டுக் கடைசித் துண்டுக் குழாயைக் கையில் எடுத்தார்.