கை மாறாது என்றான் ஸ்டீபன்

ரோஸியின் போன் வந்தபோது கிண்டிப் பட்டறையில் கேமராவைச் சோதித்துக்கொண்டிருந்தேன். “அண்ணா, அவரு போயிட்டாருண்ணா,” என்றாள். அவள் கணவன் ஸ்டீபனைக் கல்லீரல் நோய் கொண்டுபோனது அவனை அறிந்த உங்கள் எல்லோருக்கும் தெரியும். அந்த நோயை எங்கள் கேமரா முன்பே பார்த்துவிட்டது என்பது தெரியாது.

நானும் அவனும் சேர்ந்து உருவாக்கிய கேமரா அது. தீப்பெட்டி அளவுதான். எதிரே உள்ள பொருளின் மேடு பள்ளத்தை அளக்கும். நம் கண்ணால் பிரித்தறிய முடியாத நிறங்களையும் தனித்தனியாகக் காட்டும். ஒருமுறை தி.நகர் ஜவுளிக்கடை ஒன்றில் இரண்டு பட்டுப்புடவைகளை அதன் முன் விரித்தோம். “ஒரே தொட்டியில முக்குனது தம்பி,” என்று முதலாளி சத்தியம் செய்தார். வெவ்வேறு சாயம் என்றது கேமரா. “கண்ணு ஏமாந்துரும் அண்ணாச்சி. இது ஏமாறாது,” என்றான் ஸ்டீபன். சாயம் போட்டவரிடம் விசாரித்ததில் கேமரா சொன்னதுதான் உண்மை.

தினமும் வேலை தொடங்குமுன் கேமரா சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு வெள்ளை வில்லையைப் படம் பிடிக்க வேண்டும். ஸ்டீபன் அதை ஓரமாக வைத்துவிட்டுத் தன் இடது கையை நீட்டுவான். “வில்லை அழுக்காவும் மச்சி. கர்த்தர் குடுத்த கை மாறாது.”

போன மழைக்காலத்தில் திரையில் அந்தக் கையில் நீலம் குறையத் தொடங்கியது. நீலம் குறைந்தால் படத்தில் மஞ்சள் தூக்கும். லென்ஸைத் துடைத்தோம், விளக்கை மாற்றினோம். அப்படியும் குறைவுதான். “காமாலைக்காரனுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள்னு சொல்வாங்கல்ல? இந்தப் பொட்டிக்குக் காமாலை வந்துகீது மச்சி.” பட்டறையே சிரித்தது. கேமராவின் நிறக் கணக்கில் நீலத்தைக் கொஞ்சம் கூட்டினான். திரையில் கை சரியாகிவிட்டது. சில வாரங்களில் மறுபடி குறைந்தது. மறுபடி கூட்டினான்.

அதன்பின் மற்றதெல்லாம் கெட்டது. வெள்ளை வேட்டி நீலம் பாரித்தது. என் கையை வைத்தால் செத்தவன் கைபோலத் தெரிந்தது. “இன்னா மச்சி, உன் கைதான் சரியில்ல,” என்று கிண்டல் செய்தான். பட்டினப்பாக்கத்தில் அவனே பார்த்து வாங்கிய வஞ்சிர மீனைக்கூட அப்போது சாப்பாட்டு டப்பாவில் மிச்சம் வைக்கத் தொடங்கியிருந்தான். ரோஸி கேட்டால் பித்தம் என்பான். அவன் கண்ணில் மஞ்சளை நாங்கள் பார்த்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனபோது டாக்டர்கள் கையை விரித்துவிட்டார்கள்.

அடக்கம் முடிந்த மறுநாள், அவன் கூட்டிய நீலத்தையெல்லாம் நீக்கிவிட்டு, சேமித்திருந்த அவன் கைப் படங்களை வரிசையாகப் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் மஞ்சள் ஏறிக்கொண்டே போனது. ஊருக்கெல்லாம் சகுனம் சொன்ன பல்லி கழனிப்பானையில் விழுந்த கதைதான். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அண்ணாச்சியிடம் அப்படி அடித்துப் பேசியவன், தன் விஷயத்தில் மட்டும் ஏன் கேமராவை நம்பவில்லை? படுபாவி, ஒருநாளாவது அந்த வில்லையை எடுத்து வைத்துப் பார்த்திருக்கக் கூடாதா?

அவன் விட்டுப்போனதில் எனக்கு ஒட்டிக்கொண்டது அந்தக் காலைப் பழக்கம்தான். முதலில் வில்லையை வைக்கிறேன், பிறகு என் கையை. நேற்று வில்லை சரியாக இருந்தது. கையில் நீலம் சற்றுக் குறைவு. லென்ஸைத் துடைத்துவிட்டுத் திரும்பப் பார்த்தேன், அதேதான். கேமராவில் எதையும் மாற்றவில்லை. நாளைக் காலை ரத்தப் பரிசோதனைக்குப் போகிறேன். ரோஸியிடம் இன்னும் சொல்லவில்லை.