கொன்ஸ்ரன்ஸ் மிஸ்ஸின் மாற்றாள் பட்டியல்

“நீர் இப்ப செத்துப்போயிட்டீர். எழும்பி வெளியில போம்” என்று வரதராசாவின் தோளில் தட்டினார் கொன்ஸ்ரன்ஸ். வெள்ளவத்தைக் காப்புறுதி நிறுவனமொன்றின் கம்பியூட்டர் பொறுப்பாளரான அவன், “இந்த வேலையை முடிச்சிட்டுச் சாகிறன் மிஸ்” என்று கெஞ்சினான். “செத்த ஆளுக்கு என்ன வேலை? நாலு மணித்தியாலத்துக்கு இந்தப் பக்கம் வரக் கூடாது.” பிரேதம் எழுந்து, எதிர்க் கடைக்கு வடை தின்னப் போனது.

இதுதான் கொன்ஸ்ரன்ஸின் பிழைப்பு. கொட்டாஞ்சேனைக்காரி, வயது ஐம்பத்து மூன்று. ஞாயிறு பூசை தவறாது. வாய் மட்டும் துறைமுகத்து வாய். வைரஸ் வந்தாலும் நெருப்புப் பிடித்தாலும் நாலு மணித்தியாலத்தில் அலுவலகம் மறுபடி ஓட வேண்டும் என்று மேலிடத்துச் சுற்றறிக்கை வந்த நாள் முதல், கம்பனி கம்பனியாய் ஏறி, ஆளில்லாமல் வேலை ஓடுகிறதா என்று ஆட்களைச் சாகடித்துப் பார்க்கிறார். காரணத்தையும் அவரே வைப்பார்: ஒருவனுக்கு மாரடைப்பு, இன்னொருத்திக்குக் கனடா மாப்பிள்ளை. திரையில் ஒட்டிய துண்டில் ‘முருகன்’ என்று பாஸ்வேர்ட் இருந்தால் கிழித்து எறிவார். “முருகனை ஊருக்கே தெரியும். கும்பிட நல்லம், பூட்டுக்கு உதவாது. எங்கட அந்தோனியாரும் அப்பிடித்தான்.”

ஒவ்வொரு வேலைக்கும் ஒரு மாற்றாள் என்பது அவருடைய வேதவாக்கு. வரதராசாவுக்கு மாற்றாள் பெரியதம்பி. கம்பனித் தரவுகளின் பிரதியைத் திறக்கும் பாஸ்வேர்ட் அந்த இருவருக்கு மட்டுமே தெரியும். இருவரும் எங்கே படுக்கிறார்கள் என்று மட்டும் அவர் கேட்கவில்லை. ஒரே லொட்ஜ், ஒரே அறை.

போன செவ்வாய் விடிய, லொட்ஜ் லொட்ஜாய்த் தமிழரைத் தேடிய பொலிஸ் சுற்றிவளைப்பில் இருவரையும் சேர்த்தே அள்ளிக்கொண்டு போனார்கள். அன்றைக்கென்று பார்த்து, யாரோ பாட்டுக் கேட்கச் செருகிய பென் டிரைவிலிருந்து வைரஸ் பரவி, ஒன்பது மணிக்குத் திரைகளெல்லாம் உறைந்து நின்றன. இரண்டு மணிக்கு அந்த மேலிடத்துச் சோதனை அதிகாரிகள் வருகிறார்கள். அதற்குள் பிரதியைத் திறக்காவிட்டால் அனுமதிப்பத்திரம் போய்விடும். மனேஜர் ஞானசம்பந்தம் கொன்ஸ்ரன்ஸ் எழுதிக் கொடுத்த திட்டத்தைப் புரட்டினார். நெருப்புக்கு ஒரு பக்கம், வெள்ளத்துக்கு ஒரு பக்கம், கொலன்னாவை எண்ணெய்க் கிடங்கு வெடித்தால் என்று ஒரு பக்கம். சுற்றிவளைப்புக்கு ஒரு வரிகூட இல்லை. கொழும்பிலேயே பிறந்து வளர்ந்த தமிழச்சி அதை மறந்தேனே என்று கொன்ஸ்ரன்ஸுக்கு வெட்கத்தில் உடம்பே கூசியது.

கம்பனிக் கடிதத்தோடு பொலிஸ் நிலையத்துக்கு ஓடினார். “மல்லி, மே தென்னம அபே லமய்” என்று, தம்பி, இரண்டும் எங்கள் பிள்ளைகள்தான் என்று, கண்ட காக்கிச் சட்டைகளிடமெல்லாம் சிங்களத்தில் மன்றாடினார். மனேஜரோ போன் மேல் போன். “மிஸ், ஆக்களைப் பிறகு பாப்பம். பாஸ்வேர்டை மட்டும் கேட்டு வாங்குங்கோ.”

“நான் ஆக்களைக் கூட்டிக்கொண்டு போக வந்தனான் ஐயா. பாஸ்வேர்ட் வேணுமெண்டா நீங்களே வந்து உள்ளுக்குப் படுங்கோ.”

ஒன்றரைக்கு இருவரையும் விட்டார்கள். பெரியதம்பி மதிலைப் பிடித்துக்கொண்டு நின்றான். வரதராசாவின் ஒரு காலில் மட்டும் செருப்பு. விடிந்ததிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை. கொன்ஸ்ரன்ஸைக் கண்டதும் அவன் வாயைத் திறந்தான்.

“மிஸ், பாஸ்வேர்டை எழுதுங்கோ, முதல் எழுத்து...”

கைப்பைக்குள் போன் அடித்துக்கொண்டே இருந்தது. கொன்ஸ்ரன்ஸ் அதை எடுக்கவில்லை. பையிலிருந்த, மீன் அடைத்த மாலு பணிஸை எடுத்து, மேற்கொண்டு ஒரு சொல் வராதபடி அவன் வாய்க்குள் திணித்தார்.